முன்பின் அறியாதவர்களை இணைப்பது எது?
கீஸ்லோவ்ஸ்கியின் மூன்று நிறத் திரைப்படங்கள்: ஓர் ஆய்வு

பத்தாம் வகுப்பு மாணவி

முன்னுரை

விபத்து என்ற சொல்லைக் கேட்டவுடன் நம் உள்ளத்தில் முதலில் எழுவது இழப்பே. உயிர் போகிறது, வீடு இருளடைகிறது, பெற்றோர் பிள்ளைகளையும் பிள்ளைகள் பெற்றோரையும் இழக்கின்றனர். ஆயினும் விபத்து மற்றொரு செயலையும் செய்கிறது. அதுவரை ஒருவரையொருவர் அறியாத மனிதர்களை அது ஒரே இடத்தில் கொண்டுவந்து நிறுத்துகிறது. காரில் அடிபட்டவர், அதைக் கண்டவர், தூக்கிச் சென்றவர், செய்தியைச் சொல்ல நேர்ந்தவர் ஆகிய அனைவரும் நேற்றுவரை அந்நியர்கள். இன்று முதல் ஒருவர் வாழ்வில் மற்றவருக்கு இடம் உண்டு.

ஆனால் ஒரே இடத்தில் நிற்பதனாலேயே மனிதர்கள் இணைந்துவிடுகிறார்களா? இக்கேள்வியை ஆழமாக எழுப்பும் மூன்று ஐரோப்பியத் திரைப்படங்கள் உள்ளன. ‘நீலம்’ 1993ஆம் ஆண்டிலும், ‘வெள்ளை’, ‘சிவப்பு’ ஆகிய இரண்டும் 1994ஆம் ஆண்டிலும் வெளிவந்தன. மூன்றையும் சேர்த்து ‘மூன்று நிறங்கள்’ என்பர். இவற்றை இயக்கியவர் போலந்து நாட்டைச் சேர்ந்த கிரிஸ்டோஃப் கீஸ்லோவ்ஸ்கி.

இவை சிறுவர்களுக்காக எடுக்கப்பட்ட படங்கள் அல்ல என்பதைத் தொடக்கத்திலேயே கூறிவிடுவது நலம். பெரியவர்களுக்கே உரிய காட்சிகள் இவற்றில் உண்டு. ஆகவே எங்கள் வகுப்பில் தெரிந்தெடுத்த சில பகுதிகள் மட்டுமே காட்டப்பட்டன. எஞ்சிய கதையைச் சகோதரி எடுத்துரைத்தார். அவற்றைக் கொண்டே இக்கட்டுரையை அமைக்கிறோம்.

இயக்குநர்

கீஸ்லோவ்ஸ்கி 1941ஆம் ஆண்டு ஜூன் 27ஆம் நாள் வார்சா நகரில் பிறந்தார். அவருடைய தந்தையார் காசநோயால் துன்புற்றவர். மருத்துவ இல்லங்களை நாடிக் குடும்பம் ஊர் ஊராக மாறியது. இளமையில் தீயணைப்பு வீரர் பயிற்சிப் பள்ளியில் சேர்ந்து, அது ஒத்துவராமல் விரைவிலேயே விலகினார். பின்னர் வூச் நகரத்துத் திரைப்படப் பள்ளியில் பயின்றார். முதலில் அவர் எடுத்தவை கதைப் படங்கள் அல்ல. தொழிற்சாலைகள், மருத்துவமனைகள், அலுவலகங்கள் இவற்றில் உழலும் எளிய மக்களைக் காட்டும் ஆவணப் படங்கள். அந்தப் பயிற்சியே பின்னாளில் முகங்களைப் பொறுமையாக நோக்கும் கண்ணை அவருக்குத் தந்தது எனலாம்.

இவருடன் சேர்ந்து கதை எழுதியவர் கிரிஸ்டோஃப் பியேஸீவிச் என்னும் வழக்கறிஞர். போலந்தில் 1981ஆம் ஆண்டு டிசம்பரில் இராணுவச் சட்டம் கொண்டுவரப்பட்டது. அந்நாளில் நடந்த அரசியல் வழக்குகளைப் படம் எடுக்க முயன்றபோது இருவரும் அறிமுகமாயினர். 1984இல் கொலையுண்ட குருவானவர் யெர்ஸி பொபியெவுஷ்கோவின் வழக்கில், அவர் சார்பில் நீதிமன்றத்தில் நின்றவர்களுள் பியேஸீவிச்சும் ஒருவர். இத்தகைய மனிதர் எழுதிய கதைகளில் நீதிமன்றமும் நீதிபதியும் அடிக்கடி வருவதில் வியப்பில்லை.

இருவரும் இணைந்து பத்துக் கட்டளைகளை அடிப்படையாகக் கொண்ட பத்துப் படங்களைப் போலந்துத் தொலைக்காட்சிக்காக உருவாக்கினர். அவை வார்சாவின் ஒரே அடுக்குமாடிக் குடியிருப்பில் வாழும் அண்டை வீட்டாரின் கதைகள். அதன் பிறகு வந்தவையே ‘மூன்று நிறங்கள்’.

மூன்று நிறங்களும் மூன்று சொற்களும்

நீலம், வெள்ளை, சிவப்பு ஆகியவை பிரான்சு நாட்டுக் கொடியின் நிறங்கள். சுதந்திரம், சமத்துவம், சகோதரத்துவம் என்பன அந்நாட்டின் கொள்கை முழக்கங்கள். ஒரு நிறத்துக்கு ஒரு சொல் என எடுத்துக்கொண்டு மூன்று படங்களை அமைத்தனர். ஆனால் இங்கே சுதந்திரம் என்பது சிறையிலிருந்தும் அரசரிடமிருந்தும் பெறும் விடுதலையன்று. ஒரு தனி மனிதர் தம் நினைவிலிருந்தும் பாசத்திலிருந்தும் விடுதலை பெற முடியுமா என்பதே ‘நீலம்’ கேட்கும் கேள்வி.

அக்காலத்தையும் நாம் நினைவிற்கொள்ள வேண்டும். பெர்லின் சுவர் 1989இல் திறக்கப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தைத் தோற்றுவித்த மாஸ்டிரிக்ட் உடன்படிக்கை 1992 பிப்ரவரியில் கையெழுத்தாகி, 1993 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. நெடுங்காலம் பகைவராகவும் அந்நியராகவும் இருந்த நாடுகள் இனி அண்டை வீட்டார் போல வாழ்வோம் என்று கூறிய நேரம் அது. நாடுகள் உடன்படிக்கை எழுதிக்கொள்ளலாம். மனிதர்கள் என்ன செய்வது? மூன்று படங்களுக்கும் பின்னால் இக்கேள்வி இருக்கிறது.

நீலம்: ஒரு சொட்டு எண்ணெய்

‘நீலம்’ ஓடும் காரின் சக்கரத்தோடு தொடங்குகிறது. ஒரு குழந்தையின் கை சன்னலுக்கு வெளியே மிட்டாய்க் காகிதம் ஒன்றைப் பிடித்திருக்கிறது. நீல நிறத்தில் அது காற்றில் படபடக்கிறது. வழியில் கார் நிற்கிறது. குழந்தை இறங்கி ஓடிவிட்டுத் திரும்புகிறாள். அந்தச் சிறு இடைவேளையில் நமக்கு ஒரு காட்சி காட்டப்படுகிறது. காரின் அடிப்பகுதியில் பிரேக் எண்ணெய் சொட்டுச் சொட்டாகக் கசிகிறது. காரில் உள்ளவர்கள் அதைக் காணவில்லை. நாம் மட்டும் காண்கிறோம்.

பிறகு பனிமூட்டம் சூழ்ந்த சாலை. ஓரத்தில் ஓர் இளைஞன் அமர்ந்து, கயிற்றில் கட்டிய பந்தைக் குச்சியின் முனையில் ஏந்தும் விளையாட்டை ஆடிக்கொண்டிருக்கிறான். பலமுறை தவறிய பந்து கடைசியில் சரியாக அமர்கிறது. அதே நொடியில் மோதல் ஓசை கேட்கிறது. கார் மரத்தில் மோதிவிட்டது. இளைஞன் கையிலிருந்ததைப் போட்டுவிட்டுக் காரை நோக்கி ஓடுகிறான். அவன் பெயர் அந்துவான்.

அக்காரில் பயணம் செய்த புகழ்பெற்ற இசையமைப்பாளரும் அவருடைய ஐந்து வயது மகள் அன்னாவும் இறந்துவிடுகின்றனர். மனைவி ஜூலி மட்டும் பிழைக்கிறாள். மருத்துவமனைக் கட்டிலில் படுத்தபடியே, ஒரு சிறு தொலைக்காட்சிப் பெட்டியில் தன் கணவனும் குழந்தையும் அடக்கம் செய்யப்படுவதைப் பார்க்கிறாள். ஜூலியாக நடித்தவர் ஜூலியட் பினோஷ். வெனிஸ் திரைப்பட விழாவில் 1993இல் அவருக்குச் சிறந்த நடிகைக்கான விருது கிடைத்தது. படமும் உயரிய தங்கச் சிங்க விருதைப் பகிர்ந்துகொண்டது.

ஒன்றும் வேண்டாம் என்னும் விடுதலை

உடல் தேறியதும் ஜூலி ஒரு முடிவுக்கு வருகிறாள். உறவு இருந்ததனால்தானே இழப்பு வந்தது? இனி உறவே வேண்டாம், நினைவும் வேண்டாம். வீட்டை விற்க ஏற்பாடு செய்கிறாள். கணவன் முடிக்காது விட்டுச்சென்ற இசைக் குறிப்புகளைக் குப்பை வண்டியில் எறிகிறாள். பாரிஸ் நகரின் நெரிசல் மிக்க தெரு ஒன்றில் யாரும் அறியாமல் குடியேறுகிறாள். பழைய வீட்டிலிருந்து அவள் எடுத்துவந்தது, நீலக் கண்ணாடி மணிகள் கோத்த ஒரு தொங்கலை மட்டுமே.

இந்நிலையை இயக்குநர் ஒரு சர்க்கரைக் கட்டியைக் கொண்டு விளக்குகிறார். உணவகத்தில் அமர்ந்திருக்கும் ஜூலி கட்டியைக் காப்பியின் மேற்பரப்பில் மெல்லத் தொடுகிறாள். வெள்ளைக் கட்டி மெதுவாகப் பழுப்பாகிறது. அவ்வளவே காட்சி. உலகம் முழுவதும் மறைந்து ஒரு சர்க்கரைக் கட்டி மட்டுமே அவளுக்குத் தெரிகிறது. சுற்றியுள்ளோரைப் பற்றி அவளுக்கு அக்கறையில்லை என்பதை இது உணர்த்துகிறது. பார்வையாளரின் பொறுமை கெடாதிருக்க, கட்டி ஐந்து வினாடி அளவில் நனைந்துவிட வேண்டும் என்று இயக்குநர் விரும்பினார். அதற்கேற்ற சர்க்கரையைத் தேடி உதவியாளர் பல வகைக் கட்டிகளை நனைத்து நனைத்துப் பார்க்க வேண்டியதாயிற்று. இதைக் கேட்டபோது எங்கள் வகுப்பு சிரித்தது. ஆனால் ஐந்து வினாடிக் காட்சிக்கு இத்தனை உழைப்பா என்ற வியப்பும் உடனே எழுந்தது.

மற்றொரு உத்தியையும் குறிப்பிட வேண்டும். திரைப்படங்களில் திரை இருண்டு மீண்டும் ஒளிர்ந்தால் காலம் கடந்துவிட்டது என்று பொருள். இப்படத்தில் யாரேனும் ஜூலியிடம் பேசும்போது திடீரெனத் திரை இருள்கிறது. இசை பேரொலியாய் எழுகிறது. மீண்டும் ஒளி வரும்போது அதே இடம், அதே நொடி. காலம் சிறிதும் நகரவில்லை. துக்கம் ஒருவரைத் தாக்கும்போது அவருக்கு மட்டும் கடிகாரம் நின்றுவிடுவதை இதைவிட எளிதாகக் காட்ட இயலாது. இசையமைத்தவர் ஸ்பிக்னியெவ் பிரெய்ஸ்னர்.

தேடி வந்த அந்நியன்

ஆனால் ஜூலி விரும்பும் தனிமையை உலகம் அவளுக்கு அளிக்கவில்லை. கட்டடத்திலுள்ளோர் ஒரு பெண்ணை அவளுடைய இரவுத் தொழிலின் காரணமாக வெளியேற்ற விரும்பி, கையெழுத்துக் கேட்டு வருகின்றனர். இது தன் வேலையன்று எனக் கூறி ஜூலி மறுத்துவிடுகிறாள். அவள் செய்தது உதவியன்று. ஒதுங்கி நின்றதே ஆகும். எனினும் அந்த ஒரு கையெழுத்துக் குறைந்ததால் அப்பெண் அங்கேயே வாழ முடிகிறது. அவள் நன்றியோடு மலர்களுடன் வந்து நிற்கிறாள்.

அடுத்து அந்துவான் வருகிறான். விபத்தைக் கண்ட அந்த இளைஞன் ஜூலியைத் தேடிக் கண்டுபிடித்து, காருக்கு அருகில் கிடைத்த சிலுவை கோத்த சங்கிலியைத் திருப்பித் தர விரும்புகிறான். அவன் அதை வைத்துக்கொண்டிருந்தால் கேட்பார் யாருமில்லை. ஆனாலும் அது அவன் மனத்தை உறுத்துகிறது. தன் கணவன் கடைசியாகக் கூறியது ஒரு வேடிக்கைக் கதையின் முடிவு என்பதை அவன் வாயிலாக உணர்ந்த ஜூலி, அக்கதையை நினைத்துச் சிரிக்கிறாள். பிறகு சங்கிலியை அவனுக்கே அளித்துவிடுகிறாள்.

பிரான்சு நாட்டுச் சட்டத்தில், ஆபத்திலிருப்பவருக்குத் தமக்குத் தீங்கின்றி உதவ முடிந்தும் உதவாமல் போவது குற்றமாகும். அதற்குச் சிறைத்தண்டனை உண்டு. எனவே அந்துவான் காரை நோக்கி ஓடியதைச் சட்டமும் எதிர்பார்க்கும் எனலாம். ஆனால் பல நாள் கழித்து அவளைத் தேடி வரும்படி எச்சட்டமும் கூறவில்லை. சட்டம் நம் கால்களை நிறுத்தலாம். திரும்பி வரச் செய்வது மனச்சான்று ஒன்றே.

இதற்குப் பிறகு ஜூலிக்குக் கடினமான சோதனை ஒன்று வருகிறது. தன் கணவனின் அன்பில் மற்றொரு பெண்ணுக்கும் பங்கு இருந்தது என்றும், அவள் தாயாகப் போகிறாள் என்றும் அறிகிறாள். அப்பெண்ணின் கழுத்திலும் அதே போன்ற ஒரு சிலுவை தொங்குகிறது. இங்கே சினமும் வெறுப்பும் எழுந்தால் யார் குறை கூற இயலும்? ஆனால் ஜூலி, பிறக்கப்போகும் குழந்தை தந்தையின் வீட்டையும் பெயரையும் பெற வேண்டும் என்று முடிவு செய்து, விற்காமலிருந்த வீட்டை அவளுக்கே கொடுக்கிறாள். ஒரு தவற்றை நியாயப்படுத்துவதன்று இது. தவறு செய்யாத குழந்தையின்மேல் அதன் சுமையை ஏற்றாதிருப்பதாகும்.

முடிவில், எறிந்த இசையை மீண்டும் எழுதி முடிக்க ஜூலி உதவுகிறாள். ஐரோப்பா ஒன்றுபடுவதைக் கொண்டாட எழுதப்பட்ட அவ்விசைக்குச் சொற்கள் கிரேக்க மொழியில் உள்ளன. அவை நம் பாட்டிமார் சின்னப்பர் என்று அழைக்கும் புனித பவுல், கொரிந்தியருக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 13ஆம் அதிகாரத்திலிருந்து எடுக்கப்பட்டவை. திருமண நாள்களிலும் நம் பள்ளி வழிபாட்டிலும் நாம் எத்தனையோ முறை கேட்ட அன்பைப் பற்றிய பகுதி அதுவே. அப்பாடல் ஒலிக்க, சிலுவையைத் தொட்டபடி விழித்தெழும் அந்துவான், ஜூலியின் நினைவிழந்த தாயார், அண்டை வீட்டுப் பெண், கருவிலுள்ள குழந்தையின் உருவை மருத்துவத் திரையில் காணும் அந்தத் தாய் என ஒவ்வொரு முகமாக வருகிறது. இறுதியில் ஜூலி அழுகிறாள். படம் முழுவதும் அடக்கிவைத்திருந்த கண்ணீர் அது.

சிவப்பு: ஒரு நாயும் ஒரு நீதிபதியும்

‘வெள்ளை’ பாரிஸில் மனைவியாலும் நீதிமன்றத்தாலும் கைவிடப்பட்டுப் போலந்துக்குத் திரும்பும் கரோல் என்னும் முடிதிருத்துநரின் கதை. அதைப் பற்றி இங்கு விரிக்காமல் ‘சிவப்பு’ படத்துக்குச் செல்வோம். அதற்கும் விபத்துதான் தொடக்கம். ஆனால் அது மிகச் சிறிய விபத்து.

ஜெனீவா நகரில் வாழும் வாலென்டீன் என்னும் மாணவி, விளம்பரங்களுக்கு நிழற்படம் எடுத்துக்கொள்ளும் வேலையும் செய்கிறாள். ஓரிரவு கார் ஓட்டும்போது வானொலியின் இரைச்சலைச் சரிசெய்ய முயல்கிறாள். அந்தக் கவனக்குறைவில் ஒரு நாய் அடிபட்டுவிடுகிறது. நிறுத்தாமல் போயிருக்கலாம். அவள் நிறுத்துகிறாள். கழுத்துப் பட்டையில் உள்ள முகவரிக்கு நாயைக் கொண்டுசெல்கிறாள். அங்கே ஓய்வுபெற்ற முதிய நீதிபதி ஒருவர் தனியே வாழ்கிறார். நாய் பிழைத்தாலும் இறந்தாலும் தமக்கொன்றுமில்லை என்பதுபோல் அவர் நடந்துகொள்கிறார். நீதிபதியாக நடித்தவர் ழான் லூயி திரிந்தினியான். வாலென்டீனாக நடித்தவர் இரேன் ஜாக்கோப்.

அந்நீதிபதி ஒரு கருவியின் உதவியால் அண்டை வீட்டாரின் தொலைபேசிப் பேச்சுகளை ஒட்டுக் கேட்கிறார் என்பதைப் பின்னர் வாலென்டீன் அறிகிறாள். அவளுக்கு அருவருப்பு உண்டாகிறது. அவ்வாறு கேட்கப்பட்ட குடும்பத்தாரிடம் உண்மையைச் சொல்ல அவர்கள் வீட்டுக்கே செல்கிறாள். ஆனால் அங்கே அவ்வீட்டுச் சிறுமியே மற்றொரு தொலைபேசியில் தந்தையின் பேச்சைக் கேட்டுக்கொண்டிருப்பதைக் காண்கிறாள். உண்மையைச் சொன்னால் யார் காயப்படுவார் என்பது அவளுக்குத் தெரிந்துவிடுகிறது. சொல்லாமலே திரும்புகிறாள்.

அவள் செய்தது சரியா? எங்கள் வகுப்பில் இதற்கு இரண்டு கட்சிகள் உண்டாயின. உண்மையை மறைப்பது பொய்க்குத் துணைபோவது என்று ஒரு சாரார் கூறினர். ஒரு வீட்டை உடைப்பதற்கு நமக்கு என்ன உரிமை என்று மறு சாரார் கேட்டனர். மணி அடித்த பிறகும் வாதம் முடியவில்லை. ஒன்றை மட்டும் எல்லோரும் ஒப்புக்கொண்டோம். நீதிபதி அவர்கள் வீட்டுப் பேச்சுகளையெல்லாம் கேட்டார்; ஆனால் அவர்களை அவர் அறியவில்லை. வாலென்டீன் ஒரு நிமிடமே அவ்வீட்டு வாசலில் நின்றாள். ஒரு சிறுமியின் துயரம் அவளுக்குத் தெரிந்துவிட்டது. தெரிந்துகொள்வது வேறு, அக்கறை கொள்வது வேறு.

அவளுடைய அக்கறை கொஞ்சம் கொஞ்சமாக நீதிபதியை மாற்றுகிறது. தாம் செய்ததைத் தாமே எழுதி அண்டை வீட்டாருக்கும் அறிவித்துவிடுகிறார். அவர்கள் அவர் வீட்டுச் சன்னல்களைக் கல்லால் அடித்து உடைக்கின்றனர். அவருக்குக் கோபம் வரவில்லை. அவர்கள் இடத்தில் இருந்தால் தாமும் அவ்வாறே செய்திருப்போம் என எண்ணுகிறார். பல ஆண்டுகள் பிறருக்குத் தீர்ப்புச் சொன்னவர், பிறர் இடத்தில் நின்று பார்க்க அன்றுதான் கற்றுக்கொள்கிறார்.

மூதாட்டியும் கண்ணாடிப் புட்டியும்

மூன்று படங்களிலும் ஒரே நிகழ்ச்சி ஒன்று வருகிறது. முதுகு வளைந்த முதியவர் ஒருவர், பழைய கண்ணாடிப் புட்டிகளைச் சேகரிக்கும் பெரிய தொட்டியினருகே வருகிறார். அதன் வாய் உயரத்தில் இருக்கிறது. புட்டியை உள்ளே தள்ள அவருக்கு எட்டவில்லை.

‘நீலம்’ படத்தில் ஜூலி பூங்கா இருக்கையில் வெயிலில் கண்மூடி அமர்ந்திருக்கிறாள். மூதாட்டி அவள் கண்ணில் படவேயில்லை. ‘வெள்ளை’ படத்தில் கரோல் பார்க்கிறான். தன்னைவிடத் துன்பப்படுகிறவர் ஒருவர் இருக்கிறாரே என்பதுபோல் உதட்டோரம் சிறு நகை தோன்றுகிறது, எழுந்து செல்வதில்லை. ‘சிவப்பு’ படத்தில் வாலென்டீன் அருகே நடந்து சென்று புட்டியை உள்ளே தள்ளிவிடுகிறாள். அவ்வளவே.

மூன்று படங்களின் பொருளும் இச்சிறு நிகழ்ச்சியில் அடங்கியிருப்பதாக நாம் கருதுகிறோம். காணாதிருப்பது ஒரு நிலை. கண்டும் நிற்பது ஒரு நிலை. கண்டு செல்வது ஒரு நிலை. ஜூலியும் கரோலும் தீயவர்கள் அல்லர். தம் துயரமே அவர்களுக்குப் பெரிதாக இருக்கிறது. நம்மில் பெரும்பாலோர் நிலையும் அதுதான். பிறரை வெறுப்பதனால் நாம் உதவாமலிருப்பதில்லை. நம்மையே நினைத்துக்கொண்டிருப்பதனால் உதவாமலிருக்கிறோம்.

கப்பல்

‘சிவப்பு’ படத்தின் முடிவில் பெரிய விபத்து வருகிறது. ஆங்கிலக் கால்வாயைக் கடக்கும் பயணிகள் கப்பல் ஒன்று புயலில் சிக்கி மூழ்குகிறது. அதில் 1400க்கும் மேற்பட்ட பயணிகள். காப்பாற்றப்பட்டவர்கள் என்று தொலைக்காட்சி காட்டுவது ஏழு பேரையே. ‘நீலம்’ படத்தின் ஜூலியும் அவளுடைய நண்பர் ஒலிவியேவும், ‘வெள்ளை’ படத்தின் கரோலும் அவன் மனைவியும், ‘சிவப்பு’ படத்தின் வாலென்டீனும் அவள் தெருவிலேயே வாழ்ந்தும் அவள் அறியாதிருந்த இளம் நீதிபதி ஒருவனும் அவர்களுள் அடங்குவர். மற்றொருவர் கப்பலில் பணிபுரிந்த ஆங்கிலேயர். தொலைபேசி வழியே பிறருக்கு வானிலை கூறுவதைத் தொழிலாகக் கொண்ட ஒரு பெண்ணும் அதே புயலில் தன் படகோடு மறைந்துபோகிறாள்.

இவ்வளவு தற்செயலா, நம்ப முடியுமா என்று எங்களில் சிலர் கேட்டனர். கடவுள் எழுவரைக் காத்தார் என்றால் மற்றவர்கள் என்ன பாவம் செய்தனர் என்று ஒரு தோழி எழுந்து கேட்டாள். வகுப்பு அமைதியாயிற்று. கடினமான கேள்வி அது. படம் அதற்கு விடை கூறவில்லை. நாமும் கூற முற்படவில்லை. மாண்டவர்களும் யாரோ ஒருவரின் ஜூலியே, அன்னாவே என்பதை மறவாமலிருப்பதே நாம் செய்யக்கூடியது.

ஆனால் விதி என்று சொல்லி முடித்துவிடவும் கூடாது. உண்மையில் நிகழ்ந்த ஒரு விபத்தை நோக்குவோம். 1987 மார்ச் 6ஆம் நாள் பெல்ஜியம் நாட்டின் ஸீபுரூகெ துறைமுகத்திலிருந்து இங்கிலாந்துக்குப் புறப்பட்ட ‘ஹெரால்ட் ஆஃப் ஃப்ரீ எண்டர்பிரைஸ்’ என்னும் கப்பல் சில நிமிடங்களில் கவிழ்ந்தது. 193 பேர் மாண்டனர். கப்பலின் முன்புறக் கதவு மூடப்படாமலேயே புறப்பட்டதுதான் காரணம். மூட வேண்டியவர் தம் அறையில் உறங்கிவிட்டார். மூடப்பட்டதா எனச் சரிபார்க்கும் முறையும் ஒழுங்காக இல்லை. திரைப்படத்தில் ஒரு சொட்டு எண்ணெய்; கடலில் ஒரு திறந்த கதவு. நாம் விதி என்று அழைக்கும் பலவற்றுக்குள்ளும் யாரோ கவனிக்காத ஒரு சிறு பொருள் இருக்கிறது.

அதே கப்பலில் நீர் புகுந்தபோது, உயரமான பயணி ஒருவர் இடைவெளியின் குறுக்கே தம் உடலையே பாலமாக அமைத்துக்கொண்டார். அவருடைய குடும்பத்தாரும் அவர் முன்பின் அறியாத பலரும் அவர்மேல் ஏறிக் கடந்து உயிர் தப்பினர். அவர்களை ஒரே கப்பலில் சேர்த்தது பயணச்சீட்டு. ஒன்றாக இணைத்தது அம்மனிதரின் முதுகு.

‘சிவப்பு’ 1994 மே மாதம் கான் திரைப்பட விழாவில் காட்டப்பட்டது. அதே ஆண்டு செப்டம்பர் 28ஆம் நாள் ‘எஸ்தோனியா’ என்னும் கப்பல் பால்டிக் கடலில் மூழ்கி 852 பேர் உயிரிழந்தனர். திரைப்படம் முந்தியது, துயரம் பிந்தியது. செய்தியைக் கேட்ட ஐரோப்பிய மக்களுள் படத்தைக் கண்டவர்களுக்கு எப்படி இருந்திருக்கும் என எண்ணிப் பார்க்கலாம்.

படத்தின் கடைசிக் காட்சியில் முதிய நீதிபதி உடைந்த சன்னல் வழியே வெளியே நோக்குகிறார். அவர் கண்ணில் நீர் தெரிகிறது. நாய் செத்தாலும் கவலையில்லை என்றிருந்தவர், இன்று ஒரு பெண்ணின் பெயர் பிழைத்தோர் பட்டியலில் வருமா என்று தவித்துக் காத்திருந்தவர். இதுவே படம் காட்டும் உண்மையான மீட்பு எனலாம். கப்பலிலிருந்து எழுவர் மீட்கப்பட்டனர். கரையில் இருந்தவாறே எட்டாவதாக ஒருவரும் மீட்கப்பட்டார்.

இப்படத்துக்குப் பிறகு கீஸ்லோவ்ஸ்கி திரைப்படத் துறையிலிருந்து ஓய்வு பெறுவதாக அறிவித்தார். 1996 மார்ச் 13ஆம் நாள் வார்சாவில் காலமானார். அப்போது அவருக்கு வயது 54.

முடிவுரை

விபத்து அந்நியர்களை அருகருகே நிறுத்துகிறது. ஆனால் அவர்களை இணைப்பது அதுவன்று. காரை நோக்கி ஓடிய அந்துவானின் கால்களும், நாய்க்காக நிறுத்திய வாலென்டீனின் கைகளும், பிறர் குழந்தைக்கு வீட்டைக் கொடுத்த ஜூலியின் மனமும் அவர்களை இணைக்கின்றன. தனிமரம் தோப்பாகாது என்பர் நம் முன்னோர். பல மரங்கள் பக்கத்தில் பக்கத்தில் நின்றாலும், வேர்கள் ஒன்றையொன்று தொடாவிடில் முதற்காற்றுக்கே சாய்ந்துவிடும்.

அன்புத் தோழியரே, ஆண்டிறுதியில் நம்மில் பலர் இப்பள்ளியை விட்டுப் பிரிந்து வேறு ஊர்களுக்கும் வேறு கல்விக்கூடங்களுக்கும் செல்கிறோம். இனி நாம் சந்திக்கப்போகிறவர்களில் பெரும்பாலோர் அந்நியர்களே. பெரிய கப்பல்கள் நம் கண்முன் கவிழாமலிருக்கட்டும். ஆனால் எட்டாத உயரத்தில் புட்டியைப் பிடித்துக்கொண்டு நிற்கும் ஒரு மூதாட்டியை நாம் நிச்சயம் சந்திப்போம். அன்று நம் கண்கள் திறந்திருக்கட்டும். நம் கால்களும் நகரட்டும்.

சிந்திக்கச் சில வினாக்கள்

1. ஜூலி கையெழுத்திட மறுத்ததை உதவி எனக் கூறலாமா? காரணம் தருக.

2. வாலென்டீன் அக்குடும்பத்தாரிடம் உண்மையைச் சொல்லாமல் திரும்பியது சரியா? இரு தரப்பு வாதங்களையும் எழுதுக.

3. சட்டத்துக்கு அஞ்சி உதவுவதற்கும் அன்பினால் உதவுவதற்கும் உதவி பெறுபவர் வேறுபாடு காண்பாரா?

4. கடந்த ஒரு வாரத்தில் நாம் காணாதிருந்த, கண்டும் நின்ற, கண்டு சென்ற நிகழ்ச்சிகளை வகைக்கு ஒன்றாக நினைவுகூர்க.